யாழ்ப்பாணமும் செவ்வழிப்பாலையும்

யாழ்ப்பாணம் தன் பெயரிலேயே ஓர் இசைக்கருவியைத் தாங்கி நிற்கும் ஊர். சோழநாட்டிலிருந்து வந்த கண்பார்வையற்ற பாணன் ஒருவன் யாழ் மீட்டி அரசனை மகிழ்வித்து, மணற்றிடல் என்னும் மணல்வெளியைப் பரிசிலாகப் பெற்றான் என்பது பழைய வரலாறு. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை' இதனைக் கூறும். கதையின் உண்மை எவ்வாறாயினும் ஆகுக. அப்பாணன் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பன்னெடுங்காலமாயிற்று. பெயர் எஞ்சிற்று, ஒலி மறைந்தது.

அவ்வொலியின் இலக்கணத்தை மீட்க முயன்றவர் விபுலாநந்த அடிகள். 1892இல் காரைதீவிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். பண்டிதரும் அறிவியற் பட்டதாரியும் ஒருவரிடத்தே கூடியமை தமிழிசையின் நற்பேறு என்றே சொல்லவேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய 'யாழ்நூல்' 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

அந்நூலின் ஓரியல் பாலைத்திரிபு பற்றியது. யாழுக்கு வீணையைப்போல் மெட்டுகள் இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஒலியே உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழையும் செம்பாலைக்கு இசைகூட்டியபின், நரம்புக் கட்டைத் தளர்த்தாமலே துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை பிறக்கும். கைக்கிளையைக் குரலாகக் கொண்டால் செவ்வழிப்பாலை. இவ்வாறே அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழும் அமையும். செம்பாலையை அரிகாம்போதி என்று கொண்டால், படுமலை நடபைரவியாகும், அரும்பாலை சங்கராபரணம், கோடி கரகரப்பிரியை, விளரி தோடி, மேற்செம்பாலை கல்யாணி. செவ்வழிப்பாலை ஒன்றுக்கே மேளகர்த்தாக்களிடையே இடமில்லை.

காரணம் எளிது. குரலிலிருந்து ஏழாம் அரைச்சுரத்தில் நிற்கவேண்டிய இளி, இப்பாலையில் ஆறாவதில் விழுகிறது. பஞ்சமம் இல்லை, மத்திமம் இரண்டு. ஐந்தாம் நரம்பைப் பண்டையோர் 'கிளை', அஃதாவது உறவு, என்று அழைத்தனர். கிளையற்ற குரல் இப்பாலையின் குரல். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்கள் ஒவ்வொன்றிலும் பஞ்சமம் உண்டு. சட்சமும் பஞ்சமமும் ஓயாது ஒலிக்கும் தம்பூராவின் முன் செவ்வழிப்பாலை எவ்வாறு நிற்கும்? (தேவாரப் பண்களுள் செவ்வழி என ஒன்றுண்டு. ஓதுவார்கள் அதனை எதுகுலகாம்போதியிற் பாடுவர். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.)

இப்பாலையின் தன்மையைச் செவியால் அறிய யாழ் இல்லையே என்று வருந்தவேண்டியதில்லை. யாழ்ப்பாண அரசை 1619இல் வீழ்த்திய போர்த்துக்கேயரின் மதீராத் தீவிலிருந்து 1879இல் அவாயித் தீவுகளுக்குக் குடியேறியோர் கொண்டுசென்ற சிறு கித்தாரிலிருந்து உருவானதே யூகலேலே. அதன் நான்கு நரம்புகள் ஜி, சி, ஈ, ஏ என்னும் ஒலிகளுக்குக் கூட்டப்படும். சி நரம்பைக் குரலாகக் கொண்டால் அவை இளி, குரல், கைக்கிளை, விளரி ஆகின்றன. நான்கும் செம்பாலைக்கு உரியவை. கடைசி நரம்பை முதல் மெட்டில் அழுத்தினால் விளரி தாரமாகும். நான்கையும் ஒருங்கே மீட்டினால் செம்பாலையின் சுரக்கூட்டு ஒலிக்கும்.

ஒன்று கருதத்தக்கது. மேலைநாட்டார் மூன்றாம் நரம்பின்மேல் மூன்றாம் நரம்பாக அடுக்கிச் சுரக்கூட்டு அமைப்பர். நம் முன்னோரோ மூன்றாம் நரம்பையும் ஆறாம் நரம்பையும் 'பகை' என்றனர்! அவர்கள் உறவு தேடியது கிளையிலும், நான்காம் நரம்பாகிய நட்பிலும்.

இனி, விரலை எடாமலே, சி நரம்பை நான்காம் மெட்டில் அழுத்துக. குரல் நீங்கி, கைக்கிளை, இளி, தாரம் என்னும் மூன்றே எஞ்சும். அதுவே கைக்கிளையைக் குரலாகக் கொண்ட செவ்வழிப்பாலையின் கூட்டு: பகையின்மேற் பகை; கிளை இல்லை. செவிக்கு அது நிலைகொள்ளாது, வேறொன்றை நாடித் தவிப்பதுபோல் தோன்றும். லோக்ரியன் என்று பெயரிட்டு மேலைநாட்டாரும் இப்பாலையை அரிதாகவே கையாண்டனர். நான்காம் மெட்டிலிருந்து விரலை எடுத்தால் மீண்டும் குரல் ஒலிக்கும், செம்பாலை திரும்பும்.