கோயிலுக்குத் தூரம் உண்டு, குடிலுக்கு?

மதுக்கடையை எதிர்த்து மாதர் வீதிக்கு வருவது புதுமையன்று. 1921-ஆம் ஆண்டு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடத்திப் பெரியார் சிறைப்பட்டபோது, நாகம்மையாரும் கண்ணம்மாளும் அம்மறியலைத் தொடர்ந்து நடத்தினர். பின்னாளில் பெரியார் மதுவிலக்குச் சட்டத்தை ஏற்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். நாம் இங்கு பேசுவது விலக்கைப் பற்றியன்று. கடை வைக்கும் இடத்தைப் பற்றி.

1983-இல் தோன்றிய டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. அவ்வாண்டு வகுத்த விதி, வழிபாட்டிடத்திற்கும் கல்விக்கூடத்திற்கும் நகரங்களில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் எனத் தூரம் அளந்தது. வீட்டிற்கோ அளவுகோல் நீளவில்லை!

அக்குறையின் விளைவு 2017-இல் வெளிப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. நல்ல ஆணைதான். அடுத்த ஏப்ரலில் தமிழகத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன; மாற்றிடம் தேடும் படலம் தொடங்கிற்று. கம்பம் பள்ளத்தாக்கை நோக்குவோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் யாவும் தேனி–குமுளிச் சாலையில் கோத்த மணிகள். இத்தகைய ஊர்களில் சாலையை விட்டு விலகும் கடை, ஏழையின் தெருவுக்குள் அன்றோ நுழையும்?

மாநிலமெங்கும் மாதர் திரண்டனர். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், 2017 ஏப்ரல் 11 அன்று, மறியல் செய்த பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்தார். நாகம்மையார் பிறந்த நாட்டில் இந்த இழிவு!

வருவாய் வேண்டுமே என்பர். மலையேறி ஏலத்தோட்டத்தில் உழைத்தவன் கூலி வீடு சேருமுன் பறிபோனால், அது வருவாயா, வழிப்பறியா? ஆண்டவன் வாசலுக்கு அளந்த தூரத்தை அன்னையர் வாசலுக்கும் அளந்திடுக! தெருவில் கடை வேண்டுமா என்பதை, அத்தெருவில் வாழும் பெண்டிரைக் கேட்டு முடிவு செய்க!