லொறி ஓட்டாதவர் பாடிய லொறிப் பாட்டு



நாட்டார் பாடல்களை வகைப்படுத்துவோர் தொழிற்பாடல் என ஒரு பிரிவை வகுப்பர். ஏற்றம் இறைத்தவன் பாடினான். நாற்று நட்டவள் பாடினாள். வண்டி ஓட்டியவன் இரவின் தனிமையிலே பாடினான். தொழில் செய்த உடலும் பாட்டுப் பாடிய வாயும் ஒன்றாகவே இருந்தன என்பது அப்பாடல்களின் அடிப்படை இலக்கணம். இதனை வகுப்பிலே விளக்கும் போதெல்லாம் என்னுள் ஒரு வினா எழுவதுண்டு. இயந்திர யுகத்திலே, இசைத்தட்டும் வானொலியும் வந்துவிட்ட பின்னர், தொழிலாளியின் பாட்டை வேறொருவர் கூலி பெற்றுப் பாடும்போது அது தொழிற்பாடலாகவே நிலைக்குமா? அல்லது வெறும் விற்பனைச் சரக்காகி விடுமா?

இவ்வினாவுக்கு விடை தேட அமெரிக்க நாட்டுப்புற இசை நமக்கு நல்லதொரு சான்றினைத் தருகிறது. 'கன்ட்ரி' என அங்கு வழங்கும் அவ்விசையில் லொறிச் சாரதிகளைப் பற்றிய பாடல்கள் தனியொரு கிளையாக வளர்ந்துள்ளன. அக்கிளையின் தலைமகன் எனப் பலராலும் கொள்ளப்படுபவர் டேவ் டட்லி. வியப்பு என்னவெனில், அவர் லொறிச் சாரதியாகத் தொழில் புரிந்தவரல்லர்.

அவரது இயற்பெயர் டேவிட் டார்வின் பெட்ரஸ்கா. 1928ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி விஸ்கொன்சின் மாநிலத்து ஸ்பென்சர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் அவர் நாடியது இசையை அன்று, பேஸ்போல் ஆட்டத்தையே. கையில் ஏற்பட்ட காயம் அந்தக் கனவைக் கலைத்தது. பின்னர் சிறிய வானொலி நிலையங்களில் அறிவிப்பாளராகவும், இரவு விடுதிகளில் பாடகராகவும் காலங் கழித்தார். 1960ஆம் ஆண்டு டிசெம்பரில் மினியாபொலிஸ் நகரில், நிகழ்ச்சி முடித்துத் தன் கித்தாரைக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்த வேளையில் வேறொரு வாகனம் அவரை மோதிச் சென்றது. பல மாதங்கள் அவர் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. முப்பத்திரண்டு வயதில் ஆட்டமும் போய், பாட்டும் போகும் நிலையில் இருந்த ஒரு மனிதனை நாம் இங்கே காண்கிறோம்.

அவரைக் கரையேற்றிய பாடல் அவர் எழுதியதன்று. அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியாவில் தரைவிரிப்புப் பொருள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் ஏர்ள் கிறீன், கார்ள் மொண்ட்கொமரி என்னும் இருவர் லொறிச் சாரதிகளாக வேலை செய்தனர். தம் பயண அனுபவத்திலிருந்தே அவர்கள் 'சிக்ஸ் டேய்ஸ் ஒன் த றோட்' என்னும் பாடலைப் புனைந்தனர். 'வீதியில் ஆறு நாட்கள்' என்பது அதன் பொருள். 1961இல் போல் டேவிஸ் என்பவர் அதனை முதலில் இசைத்தட்டில் பாடினார். ஆயின் அது பெரிதாக எடுபடவில்லை. ஜிம்மி சி. நியூமன் என்னும் பாடகர் மூலம் டட்லியின் கைக்கு வந்த அப்பாடல், 1963இல் 'கோல்டன் விங்' என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. 'பில்போர்ட்' சஞ்சிகையின் கன்ட்ரி வரிசையில் இரண்டாம் இடத்தையும், பொது இசை வரிசையில் 32ஆம் இடத்தையும் பிடித்தது.

லொறிப் பாடல் என்ற வகை அதற்கு முன்னர் இல்லாமலில்லை. 1939இலேயே ரெட் டஃபன் என்பவர் 'ட்ரக் ட்றைவர்ஸ் புளூஸ்' என்னும் பாடலை எழுதியிருந்தார். வழிநெடுகிலும் உள்ள தேநீர்க் கடைகளில் லொறியை நிறுத்தும் சாரதிகள், சாப்பாட்டுக்குச் சொல்லுமுன்னரே காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில் நாணயத்தைப் போடுவதை அவர் கவனித்தாராம். அந்த நாணயத்தைக் குறிவைத்தே அப்பாடல் பிறந்தது. எனவே இவ்வகையின் பிறப்பிலேயே வணிகம் கலந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆனால் 1963இன் பாடல் வேறொரு காரியத்தைச் செய்தது. ஆறு நாள் ஓட்டத்தின் பின் இன்றிரவு வீடு சேரப்போகும் ஒருவனின் குரல் அது. மேலோட்டமாகக் கேட்டால் வேகத்தையும் ஆண்மையையும் கொண்டாடும் பாட்டு. ஜிம்மி கொல்வார்ட் வாசித்த மின்கித்தாரின் இரும்பொலியும், டட்லியின் கனத்த கீழ்க்குரலும் அந்த மயக்கத்தை மிகுவிக்கின்றன. உற்றுக் கேட்டாலோ அது ஒரு வாக்குமூலம். சாரதி நிறை பார்க்கும் நிலையங்களைத் தவிர்த்து ஓடுகிறான். அவனது நேரப் பதிவேடு ஒழுங்காக எழுதப்படவில்லை. கண் மூடாதிருக்க மாத்திரை விழுங்குகிறான். இவை யாவும் அப்பாடலுக்குள்ளேயே உள்ளன.

ஏன் இப்படி ஓட வேண்டும்? விடை சட்டப் புத்தகங்களில் உண்டு. 1935இன் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கிடையே ஓடும் லொறிகளை மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1930களின் இறுதியில் ஒரு சாரதி தொடர்ந்து ஓட்டக்கூடிய நேரம் பத்து மணித்தியாலம் என வரையறுக்கப்பட்டது. நேரப் பதிவேடு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 1938இல் வந்த தொழிலாளர் நியமச் சட்டம், மேலதிக நேரக் கொடுப்பனவு பெறுவோரின் பட்டியலிலிருந்து இதே சாரதிகளை விலக்கிவிட்டது. தூர ஓட்டச் சாரதிகளிற் பலருக்குக் கூலி கிடைத்தது மைல் கணக்கில். சட்டம் மணிக்கூட்டைப் பார்த்தது. கூலி மைற்கல்லைப் பார்த்தது. இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட உடல் மாத்திரையைத் தேடியது. இந்த உண்மையை ஆணைக்குழுவின் அறிக்கையிற் படிக்காத இலட்சக்கணக்கானோர், இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு பாட்டிலே கேட்டனர். அதனை எழுத இரு சாரதிகள் தேவைப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

டட்லி பின்னர் 'மேர்க்குரி' என்னும் பெரிய நிறுவனத்துக்கு மாறினார். 1965இல் வந்த 'ட்ரக் ட்றைவிங் சன் ஒஃப் எ கன்' போன்ற பாடல்கள் அவரை இத்துறையின் நிரந்தரக் குரலாக்கின. ரொம் ரி. ஹோல் என்னும் இளம் கவிஞரின் பாடல்களைத் தொடக்கத்திலேயே ஏற்றுப் பாடியவர்களுள் டட்லியும் ஒருவர். 1970இல் வரிசையின் முதலிடத்தை அவருக்குப் பெற்றுத் தந்த 'த பூல் ஷார்க்' ஹோல் எழுதியதே. அது லொறிப் பாட்டன்று, பந்தாட்டச் சூதாடியைப் பற்றியது என்பது விதியின் சிறு வேடிக்கை. வியட்நாம் யுத்தத்தை ஆதரித்தும் அவர் பாடினார். கிறிஸ் கிறிஸ்ரோபர்சன் எழுதிய 'வியட்நாம் புளூஸ்' 1966இல் அவர் குரலில் வந்தது. அவரைத் தொழிலாளர் புரட்சிக் கவியாகச் சித்திரிக்க முனைவோர் இதனையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

இப்பாடல்களைப் பரப்பியதில் வானொலியின் பங்கு பெரிது. 1971 முதல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வானொலியொன்றில் சார்லி டக்லஸ் என்னும் அறிவிப்பாளர் இரவு முழுவதும் சாரதிகளுக்கென நிகழ்ச்சி நடத்தினார். மத்திய அலைவரிசை இரவிலே வெகுதூரம் செல்லும் இயல்புடையது. பல மாநிலங்களின் இருட்டில் தனித்து ஓடியவர்கள் ஒரே பாட்டை ஒரே கணத்தில் கேட்டனர். கூடிப் பாட இயலாத தொழிலாளருக்கு, கூடிக் கேட்டல் ஒன்றே எஞ்சியது எனலாம்.

1973இன் எண்ணெய் நெருக்கடியும், 1974இல் வந்த மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் சாரதிகளைக் கொதிப்படையச் செய்தன. அவர்கள் தமக்குள் பேசப் பயன்படுத்திய சிற்றலை வானொலிக் கருவி நாடெங்கும் மோகமாயிற்று. 1976 தை மாதத்தில் 'கொன்வோய்' என்னும் பாடல் பொது வரிசையிலும் முதலிடம் பெற்றது. அதைப் பாடிய சி.டபிள்யூ. மக்கோலின் உண்மைப் பெயர் பில் ஃபிறைஸ். அவர் ஒமாஹா நகரின் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றியவர். சாரதியின் கோபம் இப்போது நாடு முழுவதற்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது.

அடுத்து வந்த மாற்றம் பாட்டுக்குரியதாக இருக்கவில்லை. 1980இன் சட்டம் லொறித் தொழிலிற் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. போட்டி பெருகியது, தொழிற்சங்கத்தின் பிடி நழுவியது, சாரதியின் உண்மைக் கூலி தேய்ந்தது. வீதியின் அரசன் எனப் பாட்டிலே போற்றப்பட்டவன், வாழ்விலே வறியவனாகிக்கொண்டிருந்தான். அவனது துயரைச் சொல்ல இன்னொரு 1963 வாய்க்கவில்லை.

டட்லி 2003ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி விஸ்கொன்சினில் மாரடைப்பினாற் காலமானார். சாரதிகளின் பெருந் தொழிற்சங்கமாகிய டீம்ஸ்ரர்ஸ் அவருக்குப் பொன்னாலான அங்கத்துவ அட்டை வழங்கியிருந்தது. தொழில் செய்யாதவனைத் தொழிலாளர் தம்மவன் என ஏற்றுக்கொண்ட அடையாளம் அது. நேரப் பதிவேட்டைக் கையால் எழுதும் வழக்கமும் 2017 டிசெம்பரில் வந்த மின்னணுக் கருவி விதியோடு பெரும்பாலும் மறைந்தது. பொய்க்கணக்கு எழுதுவது அரிதாகிவிட்டது. மைலுக்குக் கூலி என்பதோ பெரும்பாலும் தொடர்கிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இதுதான். தொழிற்பாடலின் உண்மை பாடுபவனின் கைக்காய்ப்பில் மட்டும் தங்கியிருப்பதில்லை. சொல்லுக்குள் வேலை இருக்கிறதா, அந்த வேலையைச் செய்தவன் அதனைத் தன்னுடையதென அறிகிறானா என்பவையே உரைகல். கிறீனும் மொண்ட்கொமரியும் வேலையைச் சொல்லாக்கினர். டட்லி அச்சொல்லைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். புகழ் முழுவதும் பாடகரின் பெயரிற் பதிந்தது. அவ்விரு சாரதிகளின் பெயரையும் இன்று நாம் ஒருமுறை சொல்லிக்கொண்டோம். ஏற்றப்பாட்டை முதலிற் கட்டியவனுக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிட்டவில்லை.