வெந்நீர் வர்ற வழி: தவலையிலிருந்து ரிட்டர்ன் லைன் வரைக்கும்

மார்கழி மாசம், காலையில ஆறு மணி. குளிக்கப் போறீங்க, வெந்நீர்க் குழாயைத் திறக்கறீங்க. முதல்ல வர்றது பச்சைத்தண்ணிதான். கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டே நிக்கறீங்க. அரை பக்கெட் தண்ணி சாக்கடைக்குப் போன பிறகுதான் லேசா சூடு தெரியுது. இந்த அரை பக்கெட்டுக்குப் பின்னாடி 2000 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல கணக்கு. முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாயில ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் கால் லிட்டர் தண்ணி நிக்கும். ஹீட்டருக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல 20 மீட்டர் குழாய் இருந்தா 5 லிட்டர். நேத்து ராத்திரி சூடா இருந்த அந்தத் தண்ணி காலையில ஆறிப்போய் குழாய்க்குள்ளயே நிக்குது. அது முழுக்க வெளிய வந்தாதான் புது வெந்நீர் வரும். குழாயோட சுவரும் சூடாகணும்ங்கறதால கொஞ்சம் கூடவே போகும். நாலு பேர் இடைவெளி விட்டுக் குளிச்சா ஒரு நாளைக்கு 20 லிட்டர், மாசத்துக்கு 600 லிட்டர். லாரித் தண்ணி வாங்கற அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு இது எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதுக்கு ஒரு தீர்வு உண்டு. பாத்ரூம் வரைக்கும் போற வெந்நீர்க் குழாயை அங்கேயே முடிச்சுடாம, இன்னொரு குழாய் போட்டு திரும்ப ஹீட்டருக்கே கொண்டுவர்றது. அந்தத் திரும்பும் குழாய்தான் ரிட்டர்ன் லைன். வட்டத்துல ஒரு சின்ன பம்பு தண்ணியைச் சுத்த விட்டுக்கிட்டே இருக்கும். எப்போ திறந்தாலும் சூடு கைக்குப் பக்கத்துலயே இருக்கும். பெரிய ஹோட்டல்கள்ல நீங்க அனுபவிச்சது இதைத்தான்.

எங்க மாமாவுக்கும் இதுதான் வேணும். அவர் காரவள்ளியில வீடு கட்டிக்கிட்டு இருக்கார். கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கிற அடிவார ஊர், பைக்ல போனவங்களுக்கு உடனே ஞாபகம் வரும். வீட்டு மாடியில ஒரு கோடியில சோலார் வாட்டர் ஹீட்டர், கீழே இன்னொரு கோடியில அம்மாயிக்குன்னு ஒரு பாத்ரூம். மாமா போன் பண்ணி, "பம்பு வெலையவிட மாட்டறவரு கூலி சாஸ்தியா இருக்குது கண்ணு. நீதான் இன்ஜினியராச்சே, இது நாயமா?"ன்னு கேட்டார். நான் எழுதறது கோடு; குழாய் இல்ல. ஆனா கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

நம்ம பழைய வீடுகள்ல இந்தப் பிரச்சினையே கிடையாது. ஏன்னா அங்க தூரம்னு ஒண்ணு இல்ல. குளிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே அடுப்பு, அடுப்பு மேல தவலை. சொம்புல மொண்டு, பச்சைத்தண்ணி விட்டு விளாவிக் குளிக்க வேண்டியதுதான். அப்புறம் செம்பு பாய்லர் வந்துச்சு. நடுவுல கரியும் விறகும் எரியற ஒரு குழல், அதைச் சுத்தி தண்ணி, கீழே ஒரு குழாய். நெருப்பு தண்ணிக்கு நடுவுலயே இருக்கறதால சூடு வீணாகறது குறைவு. இதையெல்லாம் அடிச்சுக் கொடுத்தவங்க கன்னார்கள். தெருவுல வந்து ஈயம் பூசிக் கொடுத்தவங்களும் உண்டு. அந்த ஈயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வருவோம்.

அப்போ வெந்நீரைச் 'சுத்த விடற' யோசனை எங்கிருந்து வந்தது? இத்தாலியில பாம்பேயி நகரம், கி.பி. 79-ல வெசூவியஸ் எரிமலைச் சாம்பல் மூடின ஊர். அங்கே ஸ்டேபியன் குளியல் மண்டபத்துல ஒரு வெண்கலப் பாத்திரம் இருந்துச்சு. பாதி உருளையைக் கவிழ்த்து வச்ச மாதிரி இருக்கறதால ரோமானியர்கள் அதை 'ஆமை'ன்னு கூப்பிட்டாங்க. வெந்நீர்த் தொட்டியோட ஓரத்துல ஒட்டி, அடியில நெருப்பு. தொட்டியில ஆறின தண்ணி கனமாகி கீழே இறங்கி ஆமைக்குள்ள வரும், சூடாகி லேசாகி மேலே ஏறித் தொட்டிக்குத் திரும்பும். மோட்டாரும் இல்ல, ஆளும் இல்ல. சூடான தண்ணி மேலே போகும்ங்கற ஒரே விஷயத்தை வச்சு அந்தத் தொட்டியைச் சூடாவே வச்சிருந்தாங்க.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வீடுகள்லயும் இதே சூத்திரம்தான். சமையலறை அடுப்புக்குப் பின்னாடி ஒரு சின்ன கொதிகலன், மேலே ஒரு உருளைத் தொட்டி, நடுவுல போக ஒரு குழாய், வர ஒரு குழாய். நெருப்பு கீழே, தண்ணி மேலே. அந்த வரிசை சரியா இருந்தா போதும், தண்ணி தானா சுத்தும். ஆனா குழாய் சரிவு தப்பி, எங்கேயாவது காத்து அடைச்சுக்கிட்டா சுத்து நின்னுடும். அதனால குழாயோட சாய்வைக் கண்ணால பார்த்தே சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு இருந்தது.

1868-ல லண்டன்ல பெஞ்சமின் வாடி மாகன்ங்கற ஒருத்தர் கேஸ்ல உடனடியா தண்ணி சுட வைக்கிற கருவியைச் செஞ்சு, 'கீசர்'னு பேர் வச்சார். ஐஸ்லாந்துல வெந்நீர் பீறிட்டு அடிக்கிற ஊற்றோட பேர் அது. இன்னிக்கு நாமக்கல் ஹார்டுவேர் கடையில நாம கேக்கற 'கீசர்' அங்கிருந்து வந்த சொல்தான். 1889-ல அமெரிக்காவுல, நார்வேயிலிருந்து குடியேறின எட்வின் ரூட் தானா அணைஞ்சு எரியற சேமிப்பு ஹீட்டரைக் கொண்டுவந்தார். இதுக்கப்புறம் ஹீட்டர் ஒரு இடம், குளிக்கிற இடம் வேற ஒரு இடம்னு ஆயிடுச்சு. தூரம் வந்துச்சு. தூரத்தோட அந்த அரை பக்கெட்டும் வந்துச்சு.

1909-ல கலிஃபோர்னியாவுல வில்லியம் பெய்லி வெயிலை வச்சு அதே பழைய சுத்தைச் செஞ்சார். வெயில் வாங்கற பலகை கீழே, சூடு போகாம மூடி வச்ச தொட்டி மேலே. வெயில்ல சூடான தண்ணி தொட்டிக்கு ஏறும், ஆறினது பலகைக்கு இறங்கும். ராத்திரியும் சூடு இருக்கும்ங்கறதால 'டே அண்ட் நைட்'னு பேர். உங்க மொட்டை மாடியில இருக்கற சோலார் ஹீட்டரை ஒரு தடவை பாருங்க. தொட்டி ஏன் பலகைக்கு மேல உக்காந்திருக்குன்னு இப்போ புரியும். 2010-ல மத்திய அரசு ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கினப்போ, 2022-க்குள்ள 2 கோடி சதுர மீட்டர் வெப்பப் பலகைன்னு இலக்கு வச்சது. கரண்டுக்கான பேனல் இல்ல, இந்த மாதிரி சூடு வாங்கற பலகை.

இங்கேதான் எங்க மாமா வீட்டுச் சிக்கல். பாம்பேயியில நெருப்பு கீழே. இங்கிலாந்துல அடுப்பு கீழே. நம்ம ஊர்ல வெந்நீர்த் தொட்டி மாடியில, குளிக்கிறவங்க கீழே. சூடான தண்ணி தானா கீழே இறங்கி, சுத்திட்டு மேலே வராது. அது மேலேயே மிதக்கும். அதனால நமக்கு மோட்டார் வேணும்.

அந்த மோட்டார் ஜெர்மனியில வந்தது. டார்ட்மண்ட் நகரத்துல ஓப்லாண்டர் குடும்பம் 1872-ல செம்பு, பித்தளைச் சாமான் செய்யற பட்டறையா தொடங்கின நிறுவனம், நம்ம கன்னார் வேலை மாதிரியே. அந்தக் குடும்பத்து வில்ஹெல்ம் ஓப்லாண்டர் 1928-ல, குழாயோட வளைவுக்குள்ளயே ஒரு சின்ன சுழலியை வச்சு, வீட்டைச் சூடாக்கற வெந்நீரைச் சுத்த விட்டார். அந்த நிறுவனம்தான் இன்னிக்கு 'விலோ'. குழாய்ச் சாய்வைப் பத்திக் கவலைப்படாம வெந்நீரை எங்கே வேணும்னாலும் அனுப்பலாம்ங்கற தைரியம் அங்கே ஆரம்பிச்சது.

நம்ம பக்கத்து மோட்டார் கதை வேற. கோயம்புத்தூர்ல 1937-ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டு மின்மோட்டாரைச் செஞ்சாங்க. கொங்கு நாட்டுல மோட்டார்னாலே கிணத்துத் தண்ணியை மேலே ஏத்தறதுதான். பம்புன்னா 'எத்தனை அடி தூக்கும்'னுதான் நாம கேப்போம். சுத்து பம்புக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. நிறைஞ்ச வட்டத்துல ஒரு பக்கம் ஏற்ற தண்ணியோட எடையை மறுபக்கம் இறங்கற தண்ணி சரிக்கட்டிடும். குழாயோட உராய்வை மட்டும் தாண்டினா போதும். ரொம்பச் சின்ன பம்பு. 'பவரா இருக்கட்டும்'னு பெருசா மாட்டினா சத்தமும் கரண்டு பில்லும்தான் மிச்சம்.

சரி, சின்ன பம்புதானே, யார் மாட்டினா என்ன? இதுக்கு ரெண்டு பதில்.

முதல் பதில் சூடு. பம்பு எடுக்கற கரண்டைவிட, மூடாத குழாய் சுத்திச் சுத்தி காத்துல கொட்டற சூடு பெருசு. போற குழாய்க்கும் வர்ற குழாய்க்கும் உறை போடணும். 24 மணி நேரமும் ஓடவிடாம டைமரோ, சூட்டைப் பார்த்து நிக்கற தெர்மோஸ்டாட்டோ வேணும். தண்ணி பின்னோக்கிப் போகாம ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேணும். இல்லேன்னா தண்ணியை மிச்சம் பிடிச்சு, வெயில் கொடுத்த சூட்டை ராத்திரி முழுக்க வானத்துக்கு அனுப்பிடுவோம்.

ரெண்டாவது பதில் உயிர். 1976 ஜூலையில அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரத்து ஹோட்டல் ஒண்ணுல, அமெரிக்கன் லீஜன்ங்கற முன்னாள் ராணுவத்தினர் அமைப்போட மாநாடு நடந்தது. வந்தவங்கள்ல சுமார் 30 பேர் நிமோனியா மாதிரி ஒரு நோயில இறந்துட்டாங்க. அடுத்த வருஷ ஆரம்பத்துல நுண்ணுயிரியலாளர் ஜோசஃப் மெக்டேட் அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சார். பேர் லீஜியோனெல்லா. அந்த ஹோட்டல்ல சந்தேகம் விழுந்தது ஏர்கண்டிஷன் அமைப்பு மேல. ஆனா கட்டடங்களோட வெந்நீர்க் குழாய்லயும் அது குடியிருக்கும்னு பிறகு தெரிஞ்சது. அதுக்குப் பிடிச்சது வெதுவெதுப்பு, 20-லிருந்து 45 டிகிரி வரைக்கும். அந்தத் தண்ணியோட நுண்ணிய திவலைகள் மூச்சுல போனா, வயசானவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால தொட்டியில 60 டிகிரி, திரும்பி வர்ற குழாய்ல 50-க்குக் குறையாமங்கறது இப்போ பரவலான வழக்கம். சூட்டை அரைகுறையா சுத்த விடற வட்டம், இல்லாத வட்டத்தைவிட மோசம். ஆனா 60 டிகிரி தண்ணி நேரா மேல பட்டா தோல் வெந்துடும். அதனால பாத்ரூம் முனையில பச்சைத்தண்ணியைக் கலக்கற வால்வு ஒண்ணு. அம்மாயி சொம்பால விளாவினதை அந்த வால்வு செய்யுது, அவ்வளவுதான்.

இப்போ ஈயத்துக்கு வருவோம். லத்தீன்ல காரீயத்துக்குப் பேர் 'பிளம்பம்'. ரோமானியர்கள் தண்ணிக் குழாயை ஈயத்துல செஞ்சதால, அந்த வேலை பார்த்தவர் பிளம்பர். சொல்லோட அர்த்தமே ஈயக்காரர்தான். லண்டன்ல அவங்க சங்கத்துக்கு 1365-லயே விதிமுறைகள் இருந்தது. நம்ம நாட்டுல 1950-ல தொடங்கின கைவினைஞர் பயிற்சித் திட்டத்துல, ஐடிஐ-யில பிளம்பருக்கு ஒரு வருஷப் படிப்பு இருக்கு. 1970-ல முதல்ல வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்போட 2016 பதிப்புல ஒன்பதாம் பகுதி பிளம்பிங் பத்தினது. ஒடிசாவுல கேந்திரபாடா மாவட்டத்துப் பட்டாமுண்டாய் பகுதியிலிருந்து இந்தியாவின் பெரு நகரங்களுக்குத் தலைமுறை தலைமுறையா பிளம்பர்கள் போறாங்க. அங்கே இந்த வேலைக்குன்னே ஒரு அரசுப் பயிற்சி நிலையம் இருக்கு. உங்க அபார்ட்மெண்ட் சுவருக்குள்ள ஓடற குழாய்ல அவங்க கை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்: கூலியைக் குறைக்காதீங்க, ஆனா சுவர்ப் பூச்சுக்கு முன்னாடியே அவரைக் கூப்பிட்டு, குழாய் போற பாதையை வரைஞ்சு காட்டச் சொல்லுங்க. அவர் வந்து மாடியேறிப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "டேங்க்கை ஏனுங்க அந்தக் கோடியில வெக்கறீங்க? இந்தப் பக்கமும் இதே வெயில்தானுங்களே?" டேங்க் இடம் மாறிச்சு. 20 மீட்டர் 7 மீட்டர் ஆச்சு. உறை போட்ட குழாய், முனையில கலக்கற வால்வு. பம்பு வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். பம்பை வித்திருந்தா அவருக்குக் கூடுதலா ஒரு வேலை கிடைச்சிருக்கும்.

கட்டி முடிச்ச வீட்டுல டேங்க்கை நகர்த்த முடியாது, அங்கே வட்டம் தேவைப்படலாம். அப்படின்னா வேலைக்கு வர்றவர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. ரிட்டர்ன் லைன் எந்த வழியா வரும்? உறை எவ்வளவு தூரம் போடுவீங்க? பம்பு எப்போ நிக்கும்? திரும்பி வர்ற தண்ணி எத்தனை டிகிரி இருக்கும்? பதில் சொல்றவருக்கு, கேட்ட கூலியைக் கொடுங்க. தனி ரிட்டர்ன் லைன் இல்லாம பச்சைத்தண்ணிக் குழாயையே திரும்பற வழியாக்கற வால்வும் விக்குது. அதைப் போட்டா பச்சைத்தண்ணிக் குழாயும் கொஞ்ச நேரம் வெதுவெதுன்னு வரும், சம்மதமான்னு யோசிச்சுக்குங்க. குழாய் நீளம் அதிகமா, ஆள் ஒருத்தர்தான்னா, அந்த பாத்ரூமுக்கு மட்டும் ஒரு சின்ன கீசரே போதும்னு அவர் சொல்லலாம். சொன்னா நம்புங்க.

நாளைக்குக் காலையில ஒரு பக்கெட்டைக் குழாய்க்கு அடியில வச்சு, சூடு வர்ற வரைக்கும் எத்தனை லிட்டர்னு அளந்து அனுப்புங்க. பிடிச்ச தண்ணியைச் செடிக்கு ஊத்திடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.