வரைபடத்திற் கொழும்பு – சென்னைப் புகையிரத மார்க்கம்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் போக்குவரத்துப் பாதைகள் அந்நாட்டின் பொருளாதாரத்தையும் அரசியலையும் மக்கள் வாழ்வையும் ஒருங்கே காட்டவல்ல சான்றுகளாகும். கல்வெட்டு, ஓலைச்சுவடி, நிருவாக அறிக்கை என்பவற்றைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர் ஒரு தண்டவாளத்தையும் அவ்வாறே கொள்ளலாம். அது எவ்விடத்திலிருந்து எவ்விடத்திற்கு இடப்பட்டது, எவர் தேவைக்காக இடப்பட்டது, எப்பொழுது அறுந்தது என்னும் வினாக்கள் வரலாற்று வினாக்களேயாகும்.

முன்னர் இத்தகைய ஆய்வுக்கு நில அளவைத் திணைக்களத்தின் படங்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று இணையவழி வரைபடங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. நீண்டதூரப் புகையிரதம் ஒன்றின் பாதையை, தொடக்க நிலையத்திலிருந்து இறுதி நிலையம் வரை, வளைவு வளைவாகவும் பாலம் பாலமாகவும் விரலாற் பின்தொடர்வது பலருக்கு இனிய பொழுதுபோக்காகவும் அமைந்துள்ளது. வரலாற்றை அறிய இம்முறை எவ்வளவு தூரம் துணைசெய்யும், எவ்விடத்திற் கைவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொழும்பிலிருந்து தலைமன்னார் சென்று, கப்பலேறித் தனுஷ்கோடியை அடைந்து, அங்கிருந்து சென்னைக்குச் சென்ற பழைய ‘போட் மெயில்’ மார்க்கம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வரைபடங்களின் இயல்பு

தொண்டர்கள் ஒன்றுகூடி வரையும் ஓப்பின் ஸ்ரீற் மப் 2004ஆம் ஆண்டிலும், கூகுள் நிறுவனத்தின் வரைபடம் 2005ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இவற்றிற் புகையிரதப் பாதை ஒரு மெல்லிய கோடாகக் குறிக்கப்படும். செய்மதிப் படத்தை நோக்கின் அக்கோடு மண்மேடாகவும் பாலமாகவும் காட்டினூடு செல்லும் இடைவெளியாகவும் தோன்றும். வீதி சடுதியாகத் திரும்பும். புகையிரதப் பாதையோ நீண்டு மெல்ல வளையும். ஆதலின் பெயர் குறிக்கப்படாத இடத்திலும் பழகிய கண் அதனை இனங்காணும். பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களை ஒப்புநோக்கும் வசதி கூகுள் ஏர்த்தில் உண்டு.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. தரையில் இன்று காணப்படுவதையே பதிதல் வேண்டும் என்பது தொண்டர் வரைபடத்தின் பொதுவிதி. கைவிடப்பட்ட பாதையின் சுவடு எஞ்சியிருப்பின் அதனை வேறொரு குறியீட்டால் வரையலாம். சுவடும் அழிந்ததாயின் அதற்கு அங்கு இடமில்லை. எனவே இவ்வரைபடம் நிகழ்காலத்தைக் கூறுவது. கடந்தகாலத்தை அது தற்செயலாகவே கூறும். இவ்வியல்பை அறிந்தே அதனைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

கொழும்பிலிருந்து மதவாச்சி வரை

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867இற் பாதை கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்கு இறக்குவதே இப்பாதையின் தலையாய நோக்கமாயிருந்தது. வரைபடத்தில் இப்பிரதான பாதையைத் தொடர்ந்து செல்பவர் பொல்காவலைச் சந்தியில் ஒரு கிளை வடக்கே பிரிவதைக் காண்பர். பதுளை, ஹற்றன், கண்டிப் பக்கங்களிலிருந்து இறங்கிவரும் பாதையும் கொழும்பிலிருந்து வரும் பாதையும் சந்திக்கும் இவ்விடமே, மலைநாட்டிலிருந்து வடக்கே செல்வோர் திரும்ப வேண்டிய இடமுமாகும். இச்சந்தியின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

வடக்குப் பாதை 1894இற் குருநாகலை அடைந்தது. வடமுனையிற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதி 1902இல் முன்னதாகவே திறக்கப்பட்டது. 1905இல் இரு முனைகளும் இணைந்தன. மாகோ, அனுராதபுரம் ஆகியவற்றைக் கடந்து மதவாச்சியை அடைந்ததும் பாதை மீண்டும் இரண்டாகப் பிரிகின்றது. நேரே செல்வது வவுனியா வழியாக யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறையையும் சேரும். இடப்புறம் திரும்புவது தலைமன்னாரைச் சேரும்.

யாழ்ப்பாணக் கிளையைச் சிறிது தூரம் தொடர்வது வரைபடத்தின் முதற் குறையை உணர்த்தும். ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கோடு எவ்விடத்தும் அறவில்லை. ஆனால் 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வவுனியாவுக்கு அப்பாற் செல்வதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. போரின் முடிவுக்குப் பின் பாதை புதிதாக இடப்பட்டு, 2011இல் ஓமந்தையையும், 2013இற் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறையையும் புகையிரதம் மீண்டும் அடைந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திற்குப் புகையிரதம் இல்லாதிருந்தது என்பதை இன்றைய கோடு கூறமாட்டாது. புண் ஆறியது, தழும்பை வரைபடம் காட்டவில்லை.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை

தலைமன்னார்க் கிளை 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 106 கிலோமீற்றர் நீளமான இப்பாதையைச் செய்மதிப் படத்தில் நோக்கின், செட்டிகுளம் வரை காடும் குளமும் வயலும் மாறிமாறி வருகின்றன. மடுத் தேவாலய யாத்திரிகர் இறங்கும் மடுவீதி நிலையம் அடுத்து வரும். முருங்கனை அண்மியதும் கட்டுக்கரைக் குளமும் அதன் நீர்பாயும் வயல்வெளிகளும் விரிகின்றன. பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தின் பெயர் தாங்கிய நிலையத்தைக் கடந்து, ஆழமற்ற கடலின் மேல் அமைந்த மேட்டுவழியாலும் பாலத்தாலும் பாதை மன்னார்த் தீவினுட் புகுகின்றது. பேசாலையைத் தாண்டி, தீவின் வடமேற்கு முனையில், தலைமன்னார் பியர் நிலையத்தில் அது முடிவடைகின்றது.

அவ்விடத்தைப் பெரிதாக்கி நோக்குபவர்க்கு ஓர் ஐயம் எழல் இயல்பு. பெருநகரம் எதுவும் அங்கில்லை. ஒரு வெளிச்சவீடும், மீனவர் குடியிருப்பும், கடலுள் நீளும் இறங்குதுறையுமே உள்ளன. இத்துணைச் சிறிய இடத்திற்கு இத்துணை நீண்ட பாதை எதற்கு? இதற்கு விடை இலங்கை வரைபடத்தில் இல்லை; அது கடலுக்கு அப்பால் உள்ளது. இப்பாதை தலைமன்னாருக்கென இடப்பட்டதன்று, இந்தியாவுக்கென இடப்பட்டதாகும்.

கடலும் தனுஷ்கோடியும்

அதே 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாம்பன் புகையிரதப் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமுடைய அப்பாலத்தின் நடுப்பகுதி கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் அமைப்பைக் கொண்டிருந்தது. அதன்வழி இராமேசுவரத் தீவை அடைந்த பாதை, தென்கிழக்கே மணற்றிட்டில் நீண்டு தனுஷ்கோடிவரை சென்றது. முன்னர்த் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நெடுங்கடற் பயணம் செய்தோர், இதன்பின் ஏறக்குறைய 35 கிலோமீற்றர்க் கடலை மட்டும் நீராவிக் கப்பலிற் கடந்தாற் போதுமானதாயிற்று. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டைப் பெற்றுக் கொழும்புக் கோட்டைவரை வரலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

வரைபடத்தில் இரு கரைகளின் பாதைகளும் ஒரே வகைக் கோட்டாற் குறிக்கப்படுவதால் அவை ஒரே தன்மையன என எண்ணத் தோன்றும். உண்மையில் இலங்கைப் பாதை ஐந்தரை அடி அகலமுடையது. தனுஷ்கோடிப் பாதையோ ஒரு மீற்றர் அகலமே உடையதாயிருந்தது. கடலின் மேற் பாலம் அமைந்திருப்பினும் ஒரே பெட்டியில் அமர்ந்து பயணத்தை முடித்தல் அக்காலத்தில் இயலாது.

இன்று செய்மதிப் படத்தில் தலைமன்னாரிலிருந்து மேற்கே நோக்கினால், நீலக்கடலில் வெண்மணற்றிட்டுக்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. இராமர் அணை எனவும் ஆதாமின் பாலம் எனவும் கூறப்படும் இத்திட்டுக்களைத் தொடர்ந்தால் தனுஷ்கோடி முனை வரும். அங்கு வீதி உண்டு. புகையிரதக் கோடு இல்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயலிற் கடல் பொங்கி அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் புகையிரதம் ஒன்று நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. சேதமுற்ற பாம்பன் பாலம், ஈ. சிறீதரன் என்னும் பொறியியலாளரின் பொறுப்பில் 46 நாட்களிற் சீர்செய்யப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் இடப்படவில்லை. தேவாலயமும் நிலையமும் இடிந்த சுவர்களாய் எஞ்சின. கப்பற்சேவை இராமேசுவரத்திற்கு மாறியது.

இராமேசுவரத்திலிருந்து பாம்பன், மண்டபம், இராமநாதபுரம், மானாமதுரை எனப் பாதையை வடக்கே தொடர்ந்து சென்னையை அடையலாம். பாம்பனிற் புதிய பாலமொன்று 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. சென்னைக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே ஓடும் புகையிரதத்திற்குப் போட் மெயில் என்னும் பெயர், கப்பல் நின்ற பின்னரும் நீங்கவில்லை. தரையில் அழிந்துபோன ஒன்றைச் சில வேளைகளிற் பெயர் பாதுகாக்கின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பாதையிற் சென்ற மக்கள்

இதுகாறும் கூறியவை பாதையின் வரலாறாகும். அதில் எவர் சென்றனர் என்பதே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய முதன்மையான வினாவாகும். அதிகாரிகளும் வணிகரும் யாத்திரிகரும் சென்றனர். ஆயின் இம்மார்க்கத்தின் வரலாற்றிற் பெரும்பங்கு மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு உரியதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். பசியாலும் நோயாலும் பலர் வழியிலேயே மாண்டனர். 1914இன் பின்னர் மண்டபம் முகாமிற் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரிற் புகையிரதம் ஏறி வந்தனர். தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுவந்து சேர்த்த வழி இதுவே.

கொண்டுவந்த வழியே திருப்பி அனுப்பும் வழியும் ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பிற்போடப்பட்டது. கையொப்பமிட்ட 53ஆம் நாளில் தனுஷ்கோடி கடலுள் மூழ்கியது. ஐந்து இலட்சம் மக்களை அனுப்ப இரு அரசுகள் இணங்கிய வேளையில், அவர்கள் செல்லவேண்டிய துறையே இல்லாது போயிற்று.

ஆயினும் அனுப்புதல் நிற்கவில்லை. புகையிரதத்தில் வந்தோர் மலைநாட்டிலிருந்து பொல்காவலைக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பி, மதவாச்சியில் மேற்கே பிரிந்து தலைமன்னாரை அடைந்தனர். மேற்குறித்த இரு சந்திகளும் வரைபடத்தில் வெறும் புள்ளிகளே. தம் வாழ்நாளில் இந்தியாவைக் கண்டிராத பலருக்கு, பிறந்த மண்ணை விட்டு விலகும் திருப்பங்கள் அவை. ஒரே குடும்பத்தில் ஒரு சகோதரர் இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவர் இலங்கைப் பிரசாவுரிமையும் பெற்றுப் பிரிந்தமையும் உண்டு.

1984இல் இனமுரண்பாடு கூர்மையடைந்த நிலையில் இராமேசுவரக் கப்பற்சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் செல்லவியலாது பலர் தோட்டங்களிலேயே தங்கினர். 1990இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. இறுதியில், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஒப்பந்தத் திகதியே உரிமைக்குரிய திகதியாகவும் அமைந்தது. தலைமன்னார்ப் பாதை 2013இல் மடுவீதி வரையும், 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னார் பியர் வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. புகையிரதம் திரும்பிற்று, அதனை எதிர்நோக்கி நின்ற கப்பல் திரும்பவில்லை.

முடிவுரை

முடிவாக நோக்குமிடத்து, இணைய வரைபடத்தில் ஒரு புகையிரதப் பாதையைப் பின்தொடர்தல் வெறும் பொழுதுபோக்கன்று எனலாம். சிறிய ஊரொன்றில் முடியும் நீண்ட பாதையைக் கண்டு ‘இது ஏன்?’ என வினவச் செய்வது வரைபடமே. ஆயினும் அவ்வினாவுக்கு விடையளிப்பது அதுவன்று. அறுந்து பின் இணைந்த வடபாதையின் கோடு துன்பத்தை மறைக்கின்றது. அறுந்தே போன தனுஷ்கோடிப் பாதையோ வரையப்படாமையால் மறைகின்றது. முதலாவதை அறியத் திகதிகள் வேண்டும். இரண்டாவதை அறியப் பழைய படங்களும் ஆவணங்களும் வேண்டும். பாதையிற் சென்றோரை அறிவதற்கோ அவர்களையே கேட்டல் வேண்டும்.

தலைமன்னாரிற் கப்பலேறியோரும், ஏறுவதற்கெனக் காத்திருந்து தோட்டத்திலேயே தங்கியோரும் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்களிற் பலர் மறைந்தும் விட்டனர். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பழைய கடிதம் என அவர்தம் வீடுகளில் எஞ்சியிருப்பவற்றைத் திரட்டி, அவர்கள் கூறுவதைப் பதிவுசெய்வது வரலாறு பயிலும் மாணவரின் உடனடிக் கடமையாகும். செய்மதி நாளையும் படம்பிடிக்கும். தண்டவாளம் நாளையும் அங்கிருக்கும். அப்பாதையாற் சென்ற தலைமுறை அவ்வாறு காத்திருக்கமாட்டாது.