அமுதக் குடமும் அபினிக் கலவையும்

இன்று திருக்கடையூர் என வழங்கும் எங்கள் ஊரைத் தேவாரம் கடவூர் என்று போற்றும். தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்த கதையை நேயர்கள் அறிவார்கள். முதலில் எழுந்தது ஆலகால நஞ்சு; பின்னர் வந்தது அமுதம். அந்த அமுதக் குடம் எங்கள் ஊரில் ஊன்றி நின்று சிவலிங்கமாயிற்று என்பது தல வரலாறு. அதனால் இறைவனுக்கு அமிர்தகடேசுவரர் என்று பெயர். பதினாறு வயது மார்க்கண்டனுக்காகக் காலனை உதைத்த தலமும் இதுவே. ஆகவேதான் அறுபதும் எண்பதும் நிறைந்தோர் நாடெங்கிலுமிருந்து வந்து, அபிராமியின் சந்நிதியில் மாலை மாற்றிக் கொள்ளுகிறார்கள்.

ஒரே கடலிலிருந்து நஞ்சும் பிறந்தது, அமுதும் பிறந்தது. சிறுவயதில் இதைக் கதை என்று கேட்டேன். மருந்துகளின் வரலாற்றைப் படித்தபோது, இது மனிதனுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை என்று உணர்ந்தேன். அவ்வுணர்வை எனக்கு ஊட்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லுகிறேன்.

நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இப்போது சொந்த நிலத்தில் பயிர் செய்பவர், ஒரு மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நாற்று நடவு முடிந்த காலம். இடுப்பு வலிக்காக மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அது போதாது என்று தோன்றவே, ஒரு மருந்துக் கடையில் வலியைச் சொல்லி, சீட்டு ஏதுமின்றி வேறொரு மாத்திரையும் வாங்கியிருந்தார். அட்டைகள் இரண்டையும் என் முன் வைத்து, “ஐயா, இந்த இரண்டில் எது நல்லது?” என்று கேட்டார். இரண்டு நாட்களாக இரண்டையுமே உண்டு வருவதாகவும், தலை சுற்றுவதாகவும், உட்கார்ந்த இடத்திலேயே உறக்கம் வருவதாகவும் கூறினார்.

மூக்குக் கண்ணாடியை அணிந்து, அட்டையின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்த எழுத்துக்களைப் படித்தேன். ஒன்றின் பெயர் வேறு, மற்றதன் பெயர் வேறு; நிறமும் வேறு. ஆனால் இரண்டிலும் இருந்தது ஒன்றே: டிராமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். ஒவ்வொன்றிலும் வேளைக்கு இரண்டாக மூன்று வேளை உண்டிருக்கிறார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மாத்திரை. டிராமடால் 450 மில்லிகிராம், பாராசிட்டமால் 3,900 மில்லிகிராம். வளர்ந்தவர்க்கு ஒரு நாளைய உச்ச வரம்பு முன்னதற்கு 400, பின்னதற்கு 4,000. ஒன்றில் வரம்பைக் கடந்துவிட்டார். மற்றதில் விளிம்பில் நின்றார். காய்ச்சலுக்கென்று ஒரு மாத்திரை சேர்த்திருந்தால் அதையும் கடந்திருப்பார். உடனே அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். நலமாகத் திரும்பினார். ஆனால் அவருடைய கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. ஒரே மருந்து வெவ்வேறு பெயர்களில் ஒளிந்து வரும் வழக்கம் எப்படி வந்தது?

அதன் வேரைத் தேடினால் கசகசாச் செடியில் போய் நிற்கும். கசகசா விதையை நாம் பாயசத்திலும் குருமாவிலும் சேர்க்கிறோம். விதையில் மயக்கம் இல்லை. முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே உலர்ந்து அபினி ஆகிறது. வயிற்றுப்போக்கையும் இருமலையும் தீரா நோவையும் தணிக்க நம் நாட்டு வைத்தியர்கள் அதை அளவறிந்து ஆண்டார்கள். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் வந்திறங்கினர். அங்கே 1768-இல் மருத்துவராய் வந்த கோனிக், சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயசின் மாணாக்கர். அந்த லின்னேயசே 1753-இல் கசகசாச் செடிக்கு ‘உறக்கம் தருவது’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டியவர்.

மருந்தாய் இருந்த அபினியைப் பெருவணிகமாக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் வங்காளத்து அபினி வாணிகத்தைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். கங்கைக் கரையிலுள்ள காசிப்பூரில் 1820-இல் நிலைபெற்ற அபினித் தொழிற்சாலை இன்றும் அரசின் ஆலையாக இருந்து வருகிறது. அபினியின் பொருட்டுச் சீனத்தின்மீது 1839-இல் போரே தொடுக்கப்பட்டது.

இனி, கலவையின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் தாமஸ் டோவர் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் கடற்கொள்ளையிலும் ஈடுபட்டவர். தனித் தீவில் நான்காண்டுகள் தவித்த செல்கர்க் என்ற மாலுமியை 1709-இல் மீட்ட கப்பல்களில் அவரும் சென்றார். அந்த மாலுமியின் கதையே ராபின்சன் குருசோ நாவலுக்கு வித்தாயிற்று என்பர். டோவர் 1732-இல் வெளியிட்ட நூலில் ஒரு சூரணத்தின் செய்முறையைக் கூறினார். அபினியோடு இபிகாக் என்னும், வாந்தி உண்டாக்கும் வேரைச் சேர்த்த கலவை அது. அளவுக்கு மீறி உண்டால் குமட்டல் எடுக்கும். ஆகவே அபினியை மிகுதியாய் உண்ண இயலாது என்று பின்வந்தோர் கருதினர். அவர் குறித்த அளவைக் கண்ட மருந்து வணிகர் சிலர், உண்பதற்கு முன் உயில் எழுதி வைக்கும்படி நோயாளிகளிடம் சொன்னார்களாம்! இதை டோவரே எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் அச்சூரணம் இருநூறாண்டுகளுக்கு மேல் உலகெங்கும் வழங்கிற்று. காலப்போக்கில் மக்களுக்கு அது ‘டோவர் பொடி’ ஆயிற்று. பொடி என்ற பெயர் நின்றது; உள்ளே இருந்த அபினி மறந்து போயிற்று.

இந்த மறதியே நம் கதையின் கரு. ஒவ்வொரு தலைமுறையிலும் அபினியைச் சாதுவாக்க ஒரு துணைப்பொருளைச் சேர்க்கிறார்கள். அடுத்த தலைமுறை துணைப்பொருளைக் கண்டு துணிவு கொள்கிறது, அபினியை மறந்துவிடுகிறது.

தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் அமைத்து, நம் நாட்டு வைத்தியத்தையும் மேலை மருத்துவத்தையும் ஒருங்கே ஆராய்ந்த காலம் ஒன்று உண்டு. 1798 முதல் 1832 வரை நீண்ட அவருடைய ஆட்சிக் காலத்திலேதான் அபினியின் உட்பொருள்கள் வெளிப்பட்டன. ஜெர்மனியில் செர்டியூர்னர் என்னும் இளம் மருந்தாளர் 1805-ஐ ஒட்டி அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தார். மன்னர் மறைந்த 1832-இல் பிரான்சில் ரொபிக்கே கோடீனைப் பிரித்தார். பின்னர் 1898-இல் ஹெராயின் இருமல் மருந்தாகக் கடைக்கு வந்தது. பழக்கத்துக்கு அடிமையாக்காத மார்பின் என்றே அதைப் புகழ்ந்தனர். அப்புகழுரை எவ்வளவு பொய்யானது என்பதை உலகம் விரைவில் கண்டது.

இருபதாம் நூற்றாண்டில் பாராசிட்டமால் துணைப்பொருள் ஆயிற்று. இச்சேர்க்கையில் நியாயம் உண்டு. அபினி இனம் மூளையிலும் தண்டுவடத்திலும் வலியின் செய்தியை அடக்குகிறது. பாராசிட்டமால் வேறு வழியில் வலியைத் தணிக்கிறது. இரண்டும் கூடினால் ஒவ்வொன்றும் குறைந்த அளவில் போதும். இக்கருத்தின்படி எழுந்த கலவைகள் நான்கை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, கோடீனும் பாராசிட்டமாலும். மேல்நாடுகளில் மிகுதியாய் வழங்குவது இது. நம் நாட்டில் பலர் கோடீனை இருமல் மருந்தின் வாயிலாகவே அறிவர். கோடீன் கல்லீரலில் மார்பினாக மாறிய பின்னரே நன்கு வேலை செய்யும். சிலர் உடலில் அம்மாற்றம் நிகழ்வதே அரிது. அவர்களுக்கு வலி தணியாது. வேறு சிலர் உடலில் மிக விரைவாய் நிகழும். அவர்களுக்கு வழக்கமான அளவே மூச்சை ஒடுக்கிவிடலாம்.

இரண்டாவது, டெக்ஸ்ட்ரோபுரொபாக்சிபீனும் பாராசிட்டமாலும். 1957-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இச்செயற்கை மருந்து, நம் நாட்டிலும் ஊர்தோறும் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. வலியைத் தணிப்பதில் இது சிறந்ததன்று. ஆனால் அளவு சற்று மீறினால் இதயத்தின் துடிப்பையே குலைக்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இக்கலவையோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு 300 முதல் 400 வரை நேர்ந்தன. 2005-இல் பிரிட்டனும், 2010-இல் அமெரிக்காவும் இதை விலக்கத் தொடங்கின. 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய அரசும் தடை விதித்தது.

மூன்றாவது, என் மாணவர் உண்ட டிராமடால் கலவை. டிராமடால் 1962-இல் ஜெர்மனியில் ஆக்கப்பெற்றது. இது கசகசாவிலிருந்து வந்ததன்று. ஆயினும் உடலில் அபினி பற்றும் இடங்களையே பற்றுவது. கோடீனைப் போலவே கல்லீரலில் மாறி வலுப்பெறுவது. அளவு மீறினாலும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்ந்தாலும் வலிப்பு உண்டாக்க வல்லது. தீங்கற்றது என்று நெடுநாள் எண்ணப்பட்ட இதனையும் 2018-இல் நம் அரசு போதை மருந்துச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது.

நான்காவது, டபென்டடால் கலவை. 2008-இல் டபென்டடால் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கல்லீரலில் மாறவேண்டிய தேவை இதற்கு இல்லை. டிராமடாலினும் வலிமை மிக்கது. அதற்கேற்ப எச்சரிக்கையும் மிகுதியாய் வேண்டும். இதைத் தசை தளர்த்தும் மருந்து ஒன்றோடு கலந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள இளைஞர்களைக் கெடுத்த செய்தி 2025-இல் வெளிவந்தது. உடனே நம் அரசு அக்கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது.

நான்கையும் அருகருகே வைத்தால் புலப்படுவது யாது? பெயர்கள் வேறு, வலிமை வேறு, குறைகளும் வேறு. ஆயினும் உறக்கம், மலச்சிக்கல், பழகினால் விடமுடியாமை, அளவு மீறினால் மூச்சு ஒடுங்குதல் ஆகிய நான்கும் அபினிக் குடும்பத்தின் பொதுச் சொத்து. பாராசிட்டமாலும் வெறும் காவலாள் அன்று. மிகுந்தால் கல்லீரலை அழிக்கும். அதனாலேயே அமெரிக்க அரசு 2011-இல், இத்தகைய கலவை மாத்திரை ஒன்றில் அது 325 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்று வரையறுத்தது.

இவ்வளவும் கேட்டபின், இம்மருந்துகளே வேண்டாம் என்று நேயர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணமும் தீங்கானது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1985-இல் கடுமையான போதை மருந்துச் சட்டம் வந்தது. உரிமம் பல வேண்டியிருந்ததாலும் தண்டனைக்கு அஞ்சியும் மருத்துவமனைகள் மார்பினை வைத்திருப்பதையே விட்டன. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் உலக நலவாழ்வு நிறுவனம், புற்றுநோய் வலிக்குப் படிப்படியாய் மருந்தை உயர்த்தி, இறுதியில் மார்பின் கொடுக்கவேண்டும் என்று நெறி வகுத்தது. அபினியைச் சட்டப்படி விளைவித்து உலகுக்கு அனுப்பும் நாட்டில், புற்றுநோயாளிகள் ஒரு மாத்திரை மார்பினின்றித் துடித்து இறந்தார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் இந்நிலையை எதிர்த்து நின்றது. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்றே திறந்தது. அறியாத துணிவு ஒருபுறம் கொன்றது. அறியாத அச்சம் மறுபுறம் வதைத்தது.

ஆதலால் நாம் செய்யவேண்டியது அரிதன்று. மாத்திரையின் பெயரைப் படிப்பதோடு நில்லாமல், உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் படிக்கவேண்டும். படிக்க இயலாதவர்க்குப் பள்ளிப் பிள்ளைகள் படித்துச் சொல்லலாம். இரண்டு மருத்துவரிடம் சென்றால், முன்னவர் கொடுத்ததைப் பின்னவரிடம் காட்டவேண்டும். மதுவோடும் உறக்க மாத்திரையோடும் இவற்றைச் சேர்த்தல் உயிருக்கு இறுதி. நெடுநாள் உண்டவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தலும் ஆகாது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் டிராமடாலையோ கோடீனையோ முன்னனுமதியின்றிப் பெட்டியில் வைத்துச் சென்றால் சிறை காத்திருக்கிறது என்பதையும் அறியவேண்டும். தாய் அன்போடு கட்டிக் கொடுக்கும் கசகசாப் பொட்டலம்கூட அங்குச் சில நாடுகளில் குற்றமாகும்.

அன்று என் திண்ணையில் அமர்ந்த மாணவருக்கு நான் பள்ளியில் கூட்டலும் பெருக்கலும் கற்றுக் கொடுத்திருந்தேன். மாத்திரை அட்டையைப் படிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அக்கடனை இப்போது உங்கள் முன் தீர்க்க முயன்றேன்.

எங்கள் ஊர்க் கோயிலின் பெயரில் குடம் இருக்கிறது. குடத்தின் வெளிப்புறத்தைப் பார்த்து உள்ளிருப்பது அமுதா, நஞ்சா என்று சொல்லுவார் யாரும் இலர். திறந்து பார்த்தவரே அறிவார். அளந்து உண்டவரே வாழ்வார்.