அஞ்சு வயசுக்கும் பத்து வயசுக்கும் நடுவில்

அக்கா மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் அவளுடைய பாலர் பள்ளியில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தாள். அப்பாவின் வேலைக்காக மதுரையிலிருந்து வந்த குடும்பம். “நான் அவகூட விளையாட மாட்டேன் மாமா. அவ வேற மாதிரி பேசுறா” என்றாள் எங்கள் வீட்டுப் பிள்ளை. ரெண்டு பேரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் அவள் காதுக்கு அது வேறு.

“இதையெல்லாம் யார்டா இவளுக்குச் சொல்லிக் கொடுத்தா?” என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் படித்தது பொறியியல், உளவியல் அல்ல. ஆனால் கேள்வி விடவில்லை. தேடிப் படித்தபோது இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலான ஆய்வு வரலாறு இருப்பது தெரிந்தது.

1960-இல் கனடாவின் மொன்றியால் நகரம். அங்கே பிரெஞ்சு பேசுபவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் கம்பெனிகளின் மேல்மாடியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவர்களை ஒரே பத்தியை ஒருமுறை பிரெஞ்சிலும் ஒருமுறை ஆங்கிலத்திலும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கேட்ட மாணவர்களுக்கு இரண்டும் ஒரே ஆளின் குரல் என்பது தெரியாது. இந்தக் குரலுக்குரியவர் எவ்வளவு புத்திசாலி, எவ்வளவு நம்பகமானவர், எவ்வளவு உயரம் என்றெல்லாம் மதிப்பிடச் சொன்னார்கள். ஆங்கிலேய மாணவர்கள் ஆங்கிலக் குரலை உயர்த்தியதில் ஆச்சரியமில்லை. பிரெஞ்சு மாணவர்களும் அதையேதான் செய்தார்கள். தங்கள் வீட்டுப் பேச்சைத் தாங்களே கீழே வைத்தார்கள்.

அவர்கள் வளர்ந்தவர்கள். இது எந்த வயதில் ஆரம்பிக்கிறது என்று குழந்தைகளிடமும் போய்ப் பார்த்தார்கள். 2007-இல் கேத்தரின் கின்ஸ்லர், இமானுவல் டுபூ, எலிசபெத் ஸ்பெல்க்கி மூவரும் பாஸ்டனிலும் பாரிஸிலும் பத்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார்கள். ஒரு பெண் ஆங்கிலம் பேசுகிறாள், இன்னொருத்தி பிரெஞ்சு பேசுகிறாள். பிறகு இருவரும் பேசாமல் ஆளுக்கொரு பொம்மையை நீட்டுகிறார்கள். பாஸ்டன் குழந்தைகள் ஆங்கிலக்காரியின் பொம்மையை அதிகம் எடுத்தன, பாரிஸ் குழந்தைகள் பிரெஞ்சுக்காரியின் பொம்மையை. அதே ஆய்வில் அமெரிக்காவின் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் யாரை ஃபிரெண்டாக்கிக் கொள்வாய் என்று கேட்டபோது, பிரெஞ்சு வாடையோடு ஆங்கிலம் பேசிய பிள்ளையை விட்டுவிட்டுத் தங்களைப் போலப் பேசிய பிள்ளையைத்தான் கைகாட்டினார்கள்.

2009-இல் வந்த முடிவு இன்னும் வலுவானது. வெறும் முகத்தை மட்டும் காட்டியபோது வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெள்ளை முகத்தையே தேர்ந்தெடுத்தார்கள். குரலையும் சேர்த்ததும் கணக்கு மாறியது. வேறு உச்சரிப்பில் பேசிய வெள்ளைப் பிள்ளையைவிடத் தங்கள் உச்சரிப்பில் பேசிய கறுப்புப் பிள்ளை அவர்களுக்கு நெருக்கமாகிவிட்டது. தோலைவிடக் காது முந்திக்கொண்டது.

அப்படியென்றால் இது பிறவிக்குணம், ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிடலாமா? எனக்கு முக்கியமாகப்படுவது 2013-இல் கின்ஸ்லரும் ஜாஸ்மின் டிஹீசஸும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் வட பகுதி இல்லினாய், தென் பகுதி டென்னசி. தென்பகுதிப் பேச்சு என்றால் பட்டிக்காடு என்று கிண்டலடிக்கும் நாடு அது. இல்லினாயின் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் எந்தப் பேச்சுக்காரர் புத்திசாலி என்ற தீர்மானம் அவர்களிடம் இல்லை. ஒன்பது பத்து வயதில் அது வந்துவிட்டது. வடக்கத்திப் பேச்சுக்காரர் புத்திசாலி, அதிகாரி. தெற்கத்திக்காரர் நல்லவர். டென்னசிப் பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்கள். மொன்றியாலின் பிரெஞ்சு மாணவர்கள் மாதிரியே.

ஆக, பழகிய குரலை நாடுவது ஒன்று. குரலை வைத்து அறிவை அளப்பது வேறொன்று. முதலாவது தொட்டிலிலேயே இருக்கிறது. இரண்டாவது நாம் கொடுப்பது, நடுவில் இருக்கும் அந்த நாலைந்து வருடங்களில்.

நம்மிடமும் அந்த ஏணி உண்டு. வெள்ளைக்காரன் காலத்து ரப்பர்த் தோட்டத்தில் மேலே துரை, அடுத்து ஆங்கிலம் படித்த கிராணி, அப்புறம் கங்காணி, கீழே லயத்துச் சனங்கள். கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள். வாயைத் திறந்தாலே யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. ‘தோட்டத்துப் பேச்சு’ என்ற சொல் மட்டும் நக்கலாக இன்னும் உயிரோடிருக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கெடா பக்கத் தோட்டத்திலிருந்து பெரியப்பா மகன் பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் பேசியதை அப்படியே பேசிக் காட்டி என் கூட்டாளிகளைச் சிரிக்க வைத்தேன். இவருக்கு ஒன்றும் தெரியாது என்று உண்மையிலேயே நம்பினேன். ஒரு நாள் மாலை என் கணக்குப் புத்தகத்தை வாங்கி, நான் மாட்டிக்கொண்டிருந்த பின்னக் கணக்கை ரெண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். அப்போதும் நான் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. யாரையோ பார்த்து எழுதுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த விடுமுறைக்கு அவர் வரவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு அக்கா மகளிடம் கேட்டேன். “அந்தப் புதுப் பிள்ளை கெட்டிக்காரியா?”

“தெரியல மாமா. ஆனா யானை நல்லா வரையுறா.”

இன்னும் அளக்க ஆரம்பிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது, வழக்கம்போல, என் சைட்டில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளி மலாய் பேசுவதை நடித்துக்காட்ட ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் அதற்கு எப்போதும் நல்ல வரவேற்பு. மாமாவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளை சிரிக்கவில்லை. கையில் சோற்றை வைத்துக்கொண்டு என் வாயையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கேட்டதற்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டு, அந்த யானையைப் பற்றி அவளிடம் கேட்டேன்.