லைட் என்றொரு பெயர்



வகுப்பில் ஒரு நாள் பினாங்கு நகரத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். பையன் ஒருவன் எழுந்து, "சார், லைட் ஸ்திரீட்டுன்னு போட்டிருக்கே, அங்கேதான் முதல்லே விளக்குக் கம்பம் நட்டாங்களா?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த மாணவி விடவில்லை. "இல்லே சார், கோட்டை மூலையிலே கலங்கரை விளக்கு இருக்கு. அதனாலேதான் அந்தப் பேரு" என்றாள்.

இருவரும் நன்றாகத்தான் யோசித்தார்கள். ஆனால் அந்தக் கலங்கரை விளக்கு எழுந்தது 1882-ஆம் ஆண்டில். தெருவின் பெயரோ ஓர் ஆங்கிலேயரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னால் போடுகிறோம். வெள்ளைக்காரர்களோ குடும்பப் பெயரைப் பின்னால் போடுவார்கள். தந்தை, மகன், பேரன் எல்லாருக்கும் அதே பெயர்தான். ஆகவே 'லைட்' என்று படித்தவுடன், எந்த லைட் என்று கேட்க வேண்டும். வாருங்கள், கேட்டுப் பார்ப்போம்.

முதலாமவர் பிரான்சிஸ் லைட். இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்துக்காரர். கடற்படையில் இருந்தவர், பிறகு வணிகக் கப்பல் ஓட்டி இந்தப் பக்கம் வந்து, மலாய் மொழியும் சயாம் மொழியும் பேசப் பழகிக்கொண்டார். 1786-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பினாங்கில் இறங்கி, ஆகஸ்டு 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவை ஏற்றுக்கொண்டு கொடியேற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்த நாள். அதனால் தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயர் வைத்தார். ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயர். தமக்கு மிஞ்சியது ஒரு தெரு!

காட்டை வெட்ட ஆள் தயங்கியபோது, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கும் ஆசையில் காடு வெட்டப்பட்டதாம். இது செவிவழிக் கதை. பாட்டி சொல்ல நன்றாயிருக்கும். வரலாறு என்று எழுதி வைக்காதீர்கள்.

வரலாறு வேறு, கொஞ்சம் கசப்பானது. தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தம். சயாம் படை வந்தால் கம்பெனி துணை நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் சுல்தான் அப்துல்லா இடம் கொடுத்தார். கம்பெனியோ அப்படி ஒரு வாக்கைக் கடைசிவரை கொடுக்கவில்லை. உண்மை நிலையைச் சுல்தானிடம் வெளிப்படையாகச் சொல்லாமல் லைட் காலம் கடத்தினார். பொறுத்துப் பார்த்த சுல்தான் 1791-இல் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு பிறைக் கோட்டையைத் தாக்கினார். அதன்பின் கையெழுத்தான உடன்படிக்கைப்படி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி கிடைத்தது, பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 1821-இல் சயாம் கெடாவைப் பிடித்தபோது கம்பெனி கைகட்டி நின்றது. நகரை நிறுவியவர் என்று லைட்டைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாமவர் அவருடைய மகன் வில்லியம் லைட். 1786-இல் கோலக் கெடாவில் பிறந்தவர். தாய் மார்த்தினா ரோசெல்ஸ், ஐரோப்பிய ஆசியக் கலப்பு வழி வந்தவர் என்பர். சிறு வயதிலேயே படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, தந்தை 1794-இல் மலேரியாவால் மாண்டபோது எட்டு வயதுச் சிறுவன். வளர்ந்து ஸ்பெயின் போரில் வெலிங்டனின் கீழ்ப் பணிபுரிந்தார். 1836-இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகச் சென்று, அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்து திட்டமும் வரைந்தார். நகரைச் சுற்றிலும் பூங்கா நிலம் விட்டது அந்தத் திட்டத்தின் சிறப்பு. இடம் சரியில்லை என்று ஆளுநரே எதிர்த்தும் அவர் அசையவில்லை. கடைசியில் பதவி விலகி, நோயிலும் வறுமையிலும் வாடி 1839-இல் கண்மூடினார். அங்கும் கௌர்னா மக்களின் பூர்வீக நிலத்தில்தான் அந்நகரம் எழுந்தது என்பதை மறக்கக்கூடாது.

இனி, பெயர் தாங்கிய பொருள்களைப் பாருங்கள். பினாங்கில் லைட் தெரு. அத்தெருவின் பெயராலேயே அறியப்பட்ட, 1852-இல் தொடங்கிய கான்வென்ட் பெண்கள் பள்ளி. இவை தந்தையின் பெயர். தென் ஆஸ்திரேலியாவில் லைட் ஆறு, அடிலெய்டில் வில்லியம் அடக்கமான லைட் சதுக்கம், கர்னல் லைட் கார்டன்ஸ் என்னும் குடியிருப்பு. இவை மகனின் பெயர். இரண்டு நகரங்களும் 1973-இல் சகோதர நகரங்களாயின.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பினாங்கில் 150-ஆம் ஆண்டு விழாவுக்காக 1936-இல் பிரான்சிஸுக்குச் சிலை வைக்க விரும்பினார்கள். அவருடைய படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை! மகனின் முகத்தைப் பார்த்துச் சிலை வடித்தார்கள். ஆக, சிலையின் பெயர் அப்பா, சாயல் மகன். ஒரே குடும்பப் பெயர் இருந்தால் இப்படியும் நடக்கும்.

சரி, நம்மவர்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? லைட்டே எழுதி வைத்திருக்கிறார். 1794-இல் பினாங்கில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வந்தார்கள். வியாபாரமும் கூலி வேலையும் பார்த்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஒரு லைட்டுக்கு ஒரு தெரு. அத்தனை ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சூலியாத் தெரு. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஆகவே மாணவர்களே, இன்று பரிசு வாங்கி வீடு திரும்பும்போது உங்கள் தெருப் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். யார் அவர், என்ன செய்தார், யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று கேளுங்கள். பிறகு வீட்டுக்குள் போய்த் தாத்தா பாட்டியிடம், "உங்க அப்பா பேரு என்ன? எந்தக் கப்பல்லே வந்தாங்க?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பலகையில் இல்லாத பெயர் உங்கள் நோட்டிலாவது இருக்கட்டும்.